சுவரில் வெடிப்பு: கடைக்கால் கோளாறா, வெறும் பூச்சா?

பழைய வீட்டில் ஒரு வெடிப்பு கண்ணில் பட்டால் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. "கிராக் ஃபில்லர் வச்சு இழுத்துட்டுப் பெயின்ட் அடிச்சிடலாம் சார்" என்பார் பெயின்டர். "அஸ்திவாரமே உட்கார்ந்துடுச்சு, இடிச்சுக் கட்டுறதுதான் புத்திசாலித்தனம்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இருவரும் பார்ப்பது வெடிப்பின் அகலத்தை மட்டும்தான். அகலம் பாதிக் கதையைத்தான் சொல்லும். வெடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது, எந்த முனையில் வாய் பிளந்திருக்கிறது, இன்னும் நகர்கிறதா என்று பார்த்தால்தான் மீதி தெரியும்.

இங்கே சொல்வது செங்கல் சுவரே கூரையின் பாரத்தைத் தாங்கும் பழைய வீடுகளுக்கு. தூணும் பீமும் போட்டுக் கட்டிய ஃப்ரேம் வீடுகளில் சுவர் வெறும் தடுப்புதான். அங்கே சுவரைவிடத் தூண்களைத்தான் பார்க்க வேண்டும்.

கடைக்கால் எப்போது வெடிப்பை உண்டாக்கும்?

தரைக்கு அடியில் வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டிக் கருங்கல்லோ செங்கல்லோ வைத்துக் கட்டிய பகுதி கடைக்கால். அதற்கு மேல் தரைமட்டத்திலிருந்து வீட்டுத் தளம் வரை உள்ளது பேஸ்மட்டம். சுவரின் பாரம் பேஸ்மட்டம் வழியாகக் கடைக்காலுக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. பாரம் ஏறினால் மண் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். வீடு இறங்குவது தவறில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்குவதுதான் சிக்கல்.

ஈர மண்ணில் கட்டிலைப் போட்டுப் படுத்தால், நான்கு காலும் ஓர் அங்குலம் புதைந்தாலும் படுத்திருப்பவருக்குத் தெரியாது. ஒரு கால் மட்டும் புதைந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மரச்சட்டம் முறுக்கைத் தாங்கிவிடும். செங்கல் சுவர் தாங்காது. அழுத்தினால் எவ்வளவோ தாங்கும் சுவர், இழுத்தால் உடனே பிளந்துவிடும். வீட்டின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகமாக இறங்குவதைச் சீரற்ற இறக்கம் என்பார்கள்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் வெடிக்கும்? ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரு பொறியாளர்கள் 98 கட்டடங்களின் இறக்கக் கணக்கை அலசி 1956-இல் ஒரு வரம்பைச் சொன்னார்கள். நீளத்தில் 300-இல் 1 பங்கு வித்தியாசம் வந்தால் சுவரும் பூச்சும் வெடிக்கத் தொடங்கும். 150-இல் 1 பங்கு வந்தால் கட்டடத்தின் உறுப்புகளே சேதமாகும். 3 மீட்டர் நீளச் சுவரில் ஒரு முனை 10 மி.மீ. கூடுதலாக இறங்கினால் வெடிப்பு, 20 மி.மீ. என்றால் ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் சிமென்ட் சுவரைவிடக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். நூறு வயது வீடுகள் சில, கண்ணுக்குத் தெரியும் அளவு சாய்ந்தும் பெரிய வெடிப்பில்லாமல் நிற்பது அதனால்தான்.

சுருக்கம்: இறக்கத்தின் அளவைவிட, இடத்துக்கு இடம் அது மாறுபடுவதுதான் சுவரை உடைக்கிறது.

கடைக்காலுக்குச் சம்பந்தமே இல்லாதவை

வீட்டில் தெரியும் வெடிப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். முதலில் இவற்றைக் கழித்துவிட வேண்டும்.

வயல் வெடித்தது போல வலைவலையாக இருந்தால் அது பூச்சு காய்ந்து சுருங்கியது. மேல்மாடியில் கான்கிரீட் தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டாக ஓடும் கோடு, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. கீழ்த்தளத்தில் அது இருக்காது. மொட்டைமாடியில் வெயில் ஏறாமல் தட்டோடு பதிப்பதுதான் அதற்கு வைத்தியம். பழைய வீட்டோடு பின்னால் ஒட்டிக் கட்டிய சமையலறை, குளியலறை, போர்ட்டிகோ ஆகியவற்றின் இணைப்பில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் நேர்கோடாக வெடித்திருந்தால், புதுக் கட்டு தன் பாட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். அசிங்கமாகத் தெரியும், மழைநீர் உள்ளே வரும், ஆனால் பழைய வீட்டுக்கு ஆபத்தில்லை.

தரை உள்வாங்குவதையும் கடைக்கால் இறங்குவதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய மண் சரியாகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு (கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி) விடப்படவில்லை என்றால், பல ஆண்டு கழித்தும் அமுங்கி மேலுள்ள தரையைக் கீழே இழுக்கும். அப்போது ஸ்கர்டிங்குக்கும் (சுவரடியில் ஓடும் பட்டி) தரைக்கும் நடுவே இடைவெளி விடும், டைல்ஸைத் தட்டினால் டொக் டொக் என்று காலிச் சத்தம் கேட்கும், சுவரில் மட்டும் ஒரு கீறலும் இருக்காது. இது தரை வேலை. கடைக்காலைத் தொட வேண்டியதே இல்லை.

தூண், பீம், சன்ஷேடு ஆகியவற்றில் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக வெடித்துத் துருக்கறை கசிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கிறது. கடைக்காலோடு தொடர்பில்லை என்றாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வெடிப்பை வாசிப்பது

இறக்கத்தால் வரும் வெடிப்புக்கு ஒரு சாயல் உண்டு. அது சாய்வாக ஓடும், அல்லது செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிக்கட்டுப் போல ஏறும். சன்னல், கதவு மூலைகளில் தொடங்குவது வழக்கம். சுவரின் பலவீனமான இடம் அதுதான். பூச்சோடு நிற்காமல் சுவரின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தெரியும். கீழே பேஸ்மட்டம் வரை இறங்கி, சில சமயம் கருங்கல் கட்டுமானத்தையும் பிளந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் கையகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பாருங்கள். அடியில் செங்கல் முழுசாக இருந்தால் பிரச்சினை பூச்சோடு முடிந்தது.

இனி, இறங்கியது எந்தப் பக்கம்? சாய்வு வெடிப்பு மேலே ஏறிப் போகும் பக்கம்தான் பெரும்பாலும் இறங்கிய பக்கம். இடமிருந்து வலமாக ஏறினால் வலது பக்கம் இறங்கியிருக்கிறது. காரணம் எளிது. வலது முனை கீழே போகும்போது, மேல் இடது மூலைக்கும் கீழ் வலது மூலைக்கும் நடுவே சுவர் இழுபடுகிறது. அந்த இழுவைக்குக் குறுக்காகத்தான் சுவர் பிளக்கும்.

அடுத்து அகலம் எங்கே அதிகம் என்று பார்க்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே வர வர ஒடுங்கியும் இருந்தால், வீட்டின் மூலை இறங்கி வெளிப்பக்கம் சாய்கிறது. கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருந்தால் சுவரின் நடுப்பகுதி தொங்குகிறது. ஒட்டிக் கட்டிய இணைப்பு அல்லாத இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் என்றால் இறக்கத்தைவிடச் சுருக்கத்தையோ வெப்பத்தையோ சந்தேகிக்கலாம்.

வெடிப்பின் வயதையும் கணிக்கலாம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். உள்விளிம்பில் பெயின்ட் இறங்கியிருந்தால், அந்தப் பெயின்ட் அடிக்கும்போதே வெடிப்பு இருந்திருக்கிறது. தூசி, ஒட்டடை, எறும்பு மண் இருந்தாலும் பழசு. விளிம்பு கூராகவும் உள்ளே செங்கல் நிறம் பளிச்சென்றும் இருந்தால் புதுசு. முன்பு வைத்த ஃபில்லரின் நடுவிலேயே மறுபடி பிளந்திருந்தால் பழைய வெடிப்பு இன்னும் நகர்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கதவு இடிப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா மரக் கதவும் உப்பும். நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மரம்தான் உப்பியிருக்கிறது. 10 மி.மீ. வித்தியாசம் வந்தால் நிலையே கோணிவிட்டது. பழைய ஆசாரி ஆரம்பத்திலேயே கோணலாக வைத்திருக்கவும் வாய்ப்புண்டு, ஆகவே பக்கத்தில் வெடிப்பும் இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கம்: சாய்வு, ஒடுங்கல், இரண்டு பக்கமும் தெரிவது, பேஸ்மட்டம் வரை இறங்குவது. நான்கும் சேர்ந்தால் கடைக்காலைச் சந்தேகிக்கலாம்.

எத்தனை மில்லிமீட்டர்?

இந்தியத் தரக் கையேடான எஸ்.பி. 25 (1984) 1 மி.மீ.-க்குக் குறைவானதை மெல்லியது, 1 முதல் 2 மி.மீ. வரை நடுத்தரம், அதற்கு மேல் அகலமானது என்று பிரிக்கிறது. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் சேதத்தை வைத்து வேறு அட்டவணை தந்தது. அதன்படி 5 மி.மீ. வரை பூச்சு, பெயின்ட் அளவில் சரிசெய்யக்கூடிய சேதம். 5 முதல் 15 மி.மீ. வரை என்றால் கொஞ்சம் செங்கல் மாற்ற வேண்டியிருக்கும், கதவு சன்னல் இறுகும். 15-ஐத் தாண்டினால் சுவரில் சில பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டும். 25-க்கு மேல் என்றால் சுவர் நிலைகுலையும் அபாயம்.

அளக்கக் கருவி இல்லையா? சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். ஏ.டி.எம். கார்டு, எழுத்துப் புடைப்பில்லாத இடத்தில், 0.76 மி.மீ. கார்டு நுழையாத வெடிப்பைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஏழு கார்டை அடுக்கி நுழைக்க முடிந்தால் அது 5 மி.மீ.-ஐத் தாண்டிவிட்டது.

ஆனால் முப்பது வருடமாக அசையாமல் இருக்கும் 6 மி.மீ. வெடிப்பைவிட, போன மாதம் தொடங்கி இப்போது 2 மி.மீ. ஆகியிருக்கும் வெடிப்புதான் மோசம். அகலத்தை ஒருமுறை அளந்து சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நம்பாதீர்கள், சொல்பவர் இன்ஜினியராகவே இருந்தாலும்.

நகர்கிறதா என்று அளப்பது

பழைய வழக்கம், வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டி வைப்பது. கண்ணாடி உடைந்தால் நகர்கிறது. எவ்வளவு, எந்தப் பக்கம், திரும்பி வந்ததா என்பதெல்லாம் அதில் தெரியாது. சிமென்ட் பிடி விட்டுப்போனால் கண்ணாடி உடையாமலே நின்று ஏமாற்றவும் செய்யும்.

ஆணி முறை மேல். வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சுமார் 100 மி.மீ. தள்ளி, பூச்சைத் தாண்டிச் செங்கலில் பிடிக்கும்படி துளையிட்டு எவர்சில்வர் ஸ்குரூவை எப்பாக்ஸி பசை வைத்துப் பொருத்துங்கள். மூன்றாவது ஸ்குரூ ஒன்றை ஒரு பக்கத்தில் வைத்து முக்கோணமாக்கினால், வெடிப்பு விரிவதோடு ஒரு பக்கம் கீழே நழுவுவதும் தெரியும். இடைவெளியை அளக்கச் சில நூறு ரூபாய் டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் போதும். மாதம் ஒருமுறை, எப்போதும் காலை நேரத்தில் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மதிய வெயில் ஏறிய சுவரை அளந்தால் வெப்ப விரிவும் கணக்கில் கலந்துவிடும். இரண்டு முனைகளிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதினால் வெடிப்பு நீளுகிறதா என்பதும் தெரியும்.

எத்தனை நாள்? நம் ஊரில் ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடக்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கி ஜனவரி வரை பார்த்தால் பெரும்பாலும் படம் தெளிவாகும். எண்கள் மாறவே இல்லை என்றால் வெடிப்பு ஓய்ந்துவிட்டது, பூசிக்கொள்ளலாம். கோடையில் விரிந்து மழையில் மூடினால் மண் பருவத்துக்குப் பருவம் சுருங்கி உப்புகிறது. ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் கடைக்கால் இன்னும் இறங்குகிறது. இதற்குத்தான் ரிப்பேர் தேவை.

கரிசலும் தண்ணீரும்

கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கரிசல் மண்ணில் உள்ள ஒருவகைக் களிமண் தாது தண்ணீரை ஏடு ஏடாக உள்ளே வாங்கி உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமான கரிசலில் இந்த ஈரமாற்றம் ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழம் வரை நடக்கிறது. பழைய வீட்டின் கடைக்காலோ மூன்று, நான்கு அடிதான் இருக்கும். அதாவது வீடு நிற்பதே அசையும் மண்ணின் மேல். அந்த ஊர்களில் கரிசலைத் தாண்டிச் சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக்கல் படிவு) வரும்வரை வானம் தோண்டச் சொல்வது இதற்காகத்தான். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற களிமண் பகுதிகளிலும் இதே தொல்லை உண்டு. பெசன்ட் நகர் மாதிரிக் கடற்கரை மணலில் உப்பல் கிடையாது. அங்கே பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டும்போது மணல் சரிவதும், குழாய்க் கசிவில் மணல் அரித்துப்போவதும்தான் பயம்.

வீடு ஐம்பது ஆண்டு சும்மா இருந்துவிட்டு இப்போது திடீரென்று வெடிக்கிறது என்றால், மண்ணில் ஏதோ புதிதாக நடந்திருக்கிறது. அது பெரும்பாலும் தண்ணீர். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? வாஷிங் மெஷின், ஆர்.ஓ. கழிவுநீர் எங்கே போகிறது? செப்டிக் டேங்க் கசிகிறதா? சம்ப் கீறல் விட்டிருக்கிறதா? மோட்டார் போடாத இரவில் சம்பின் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் களிமண் மனையில் அந்தக் குழியைச் சுவரை ஒட்டியே எடுத்திருந்தால், ஒவ்வொரு மழைக்கும் கடைக்காலுக்கு நாமே தண்ணீர் ஊட்டுகிறோம்.

மரம் இதற்கு நேரெதிராக வேலை செய்யும். களிமண்ணில் வேம்போ அரசோ வேர்விட்டு ஈரத்தை உறிஞ்சினால் மண் சுருங்கி அந்த மூலை இறங்கும். மரத்தின் முழு உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது வீட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்காக நாற்பது வருட மரத்தை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காதீர்கள். உறிஞ்ச ஆளில்லாமல் மண்ணில் ஈரம் திரும்ப ஏறும், இறங்கிய மூலை உப்பி மேலே வரும், புதுசாக வேறு வெடிப்பு விழும். கிளைகளைக் கழித்துக் கட்டுக்குள் வைப்பதா, வேர்த்தடுப்புச் சுவர் எழுப்புவதா என்று மண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பழைய கடைக்காலின் மேல் மாடி ஏற்றியதும் ஒரு காரணம். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை: பாரம் கூடியது, மண் அமுங்கியது.

காத்திருக்கக் கூடாதவை

ஸ்குரூ அடித்து மாதக்கணக்கில் பார்ப்பதெல்லாம் அமைதியான வெடிப்புக்குத்தான். ஒரு வாரத்தில் 2, 3 மி.மீ. கூடினாலோ, சுவர் தொப்பை போட்டாலோ, லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் குறுக்குக் கட்டு) அமுங்கி அதன்மேல் செங்கல் நழுவினாலோ அந்த அறையைக் காலி செய்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள்: 3 மீட்டர் உயர ஒன்பது அங்குலச் சுவர் 20 மி.மீ.-க்கு மேல் சாய்ந்து, கூடவே வெடிப்பும் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான்.

மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளம்), ஓட்டு வீடுகளில் இன்னோர் இடம் உண்டு. உத்தரமோ கட்டையோ சுவருக்குள் நுழையும் இடத்தை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். அங்கே பெயின்ட் படாத புது மரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தால், சுவர் வெளியே நகர்ந்து மரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. சுவரில் வெடிப்பே தெரியாவிட்டாலும் இது அவசரம். மரத்துக்கு அன்றே முட்டு கொடுக்க வேண்டும்.

ரிப்பேர் எந்த வரிசையில்?

முதலில் தண்ணீர். மாடிக் குழாயை வடிகாலுக்கு இழுங்கள், கசிவுகளை அடையுங்கள், சுவரோரப் பூந்தொட்டிப் பாத்தியை எடுத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தளம் போட்டு, வெளிப்பக்கம் ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்கள். கரிசல் மனையில் அந்தத் தளத்துக்கு அடியில் ஓரடி கரிசலை வாரிவிட்டுக் கிராவல் நிரப்பித் திமிசு போட்டால் தளமே உப்பி உடையாது. பல வீடுகளில் இந்த வேலையோடு வெடிப்பு நின்றுவிடும். செலவு குறைவு, ஒப்பந்தக்காரருக்கு லாபமும் குறைவு. அதனால்தான் யாரும் இதை முதலில் சொல்வதில்லை.

அசைவு நின்றபிறகு சுவர். மெல்லிய வெடிப்பை 'வி' வடிவில் ஓர் அங்குலம் அகலத்துக்கு வெட்டி, தூசி தட்டி, நனைத்து, கலவை அடைக்கலாம். இங்கே நடக்கும் வழக்கமான தப்பு, ஒன்றுக்கு மூன்று என்று கெட்டிச் சிமென்ட் கலவை போடுவது. சுவரைவிடக் கலவை கெட்டியானால் அடுத்த அசைவில் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் போதும். முழுக்கச் சுண்ணாம்பில் கட்டிய சுவர் என்றால் சிமென்டே வேண்டாம். அது ஈரத்தை உள்ளே பூட்டிச் செங்கலை அரிக்கும்.

5 மி.மீ.-ஐத் தாண்டிய, சுவரை ஊடுருவிய வெடிப்புக்குத் தையல் போட வேண்டும். வெடிப்பின் இரண்டு பக்கமும் அரை மீட்டர் வரை செங்கல் இணைப்புக் காரையைச் சுரண்டி எடுத்து, 6 மி.மீ. துருப்பிடிக்காத முறுக்குக் கம்பியை வைத்துக் கிரவுட்டில் (இடுக்கை நிரப்பும் கலவை) புதைப்பார்கள். நான்கு முதல் ஆறு வரிசைக்கு ஒரு கம்பி. நகரும் சுவரில் தையல் போட்டால் கம்பி முடியும் இடத்தில் புது வெடிப்பு வரும், அவ்வளவுதான்.

தண்ணீரையும் நிறுத்தி, மாதக்கணக்கில் அளந்தும், இறக்கம் தொடர்ந்தால்தான் அண்டர்பின்னிங். பழைய கடைக்காலுக்கு அடியில் தோண்டி, கெட்டி மண் வரை புதுக் கான்கிரீட் வைப்பதற்கு அந்தப் பெயர். சுவரை மீட்டர், ஒன்றேகால் மீட்டர் துண்டுகளாகப் பிரித்து 1, 2, 3 என்று திரும்பத் திரும்ப எண் போடுவார்கள். முதலில் 1 எண் துண்டுகளை மட்டும் தோண்டிக் கான்கிரீட் போட்டு, பழைய அடிப்பகுதிக்கு 75 மி.மீ. கீழே நிறுத்தி, அது இறுகியபின் அந்த இடைவெளியில் ஈரம் குறைந்த கலவையை இடித்துத் திணிக்க வேண்டும். அது பாரம் ஏற்கும் நிலைக்கு வந்த பிறகே 2-க்குப் போகலாம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சுவர் நெடுகப் பள்ளம் தோண்டினால் சுவர் பள்ளத்துக்குள் வந்து விழும். மண் பரிசோதனை அறிக்கையும், எந்தத் துண்டு எப்போது என்று எழுதிய வரைபடமும் இல்லாமல் ஒரு மேஸ்திரி கடப்பாரையோடு வந்தால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். முடிந்த பிறகும் ஸ்குரூக்களைப் பிடுங்க வேண்டாம். அடுத்த மழைக்காலம் வரை அளவு எடுத்துப் பார்த்துவிட்டு அதன்பின் பூச்சும் பெயின்டும் வைத்துக்கொள்ளலாம்.